ஏழாம் கேள்வி

சோமாவுக்குத் தெற்கே, தார் முடியும் இடத்திலிருந்து
மோட்டார் சைக்கிளில் நாற்பது நிமிடம்.
பையில் ரசீதுப் புத்தகம், கைநாட்டு மை,
மழை பொய்த்தால் பணம் என்று
ஒரு குடும்பம் சிரிக்கும் தாள்கள்.

முதல் வருஷம் பினா லுயாண்டோ வாங்கினாள்.
நூற்றைம்பது குவாச்சா.
கோழி விற்ற காசை முடிச்சவிழ்த்து எண்ணி,
என் முகத்தைப் பார்த்து,
மறுபடி எண்ணித் தந்தாள்.

ஜனவரியில் மக்காச்சோளம் பூ எடுக்கையில்
இருபத்திரண்டு நாள் வானம் வெளுத்துக் கிடந்தது.
இலையெல்லாம் சுருட்டுப்போல் சுருண்டது.
அதில் ஒரு நாள்
ஒரே ஒரு மேகம்
ஏழு கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கூடத்தின் மேல் நின்று
பெய்துவிட்டுப் போனது.
மழைமானி இருப்பது அங்கேதான்.
இருபத்தொரு மில்லிமீட்டர்.
இருபதுக்குக் கீழே என்றால்தான் பணம்.

குறுஞ்செய்தி போதும் என்றது கம்பெனி.
நான் நேரில் போனேன்.
காய்ந்த வரிசைகளுக்கு நடுவே நிற்கவைத்துக் கேட்டாள்:
"மிலிமோ, அந்த டப்பா சோளம் தின்னுமா?"
பிறகு குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறு வருஷம் அவள் பன்றிக்குட்டி வாங்கினாள்.
"செத்தால் கறியாவது மிஞ்சும்."
பக்கத்து வயல் முவீம்பா என் தாளை வாங்கினான்.
அந்த வருஷம் மேகங்கள் பள்ளிக்கூடத்தை மறந்து
இவர்கள் வயலில் கொட்டித் தீர்த்தன.
ஆளுயரக் கதிர்களுக்கு நடுவே நின்று
இரண்டாயிரம் குவாச்சா வறட்சிப் பணம் வாங்கினான்.
கையெழுத்துப் போடும்போது தலை நிமிரவில்லை.
கூரைக்குத் தகரம் போட்டபின் நிமிர்ந்தது.

நகரத்திலிருந்து வந்த கணக்கெடுப்புப் பெண்
ஏன் வாங்கவில்லை என்று எல்லோரையும் கேட்டாள்.
விலை. நம்பிக்கையின்மை. புரியாமை. பிற.
மாப்பிள்ளை சுரங்கத்தில் இருக்கிறான் என்றார் ஒருவர்.
ஆற்றோரம் இன்னொரு துண்டு நிலம் உண்டு.
போன மாதம் இரண்டு சாவு.
மழையைப் பந்தயம் கட்டினால் மழைக்குக் கோபம் வராதா?
அவள் "பிற"வில் கோடு போட்டுக்கொண்டே போனாள்.
எழுத இடம் ஒரு விரற்கடைதான் இருந்தது.

மூன்றாம் வருஷம்
ஒரே வாரத்தில் முப்பத்து நான்கு பேர் வாங்கினார்கள்.
கம்பெனி எனக்குச் சட்டை அனுப்பியது,
முதுகில் குடை படம்.
பினா லுயாண்டோகூட வாங்கினாள்,
எண்ணாமலே நீட்டினாள்.
எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்து மாமரம்.
அதன் ஒரு கிளை நீண்டு, அடர்ந்து,
மானியின் தலைக்கு மேல் கவிந்துவிட்டது.
ஊருக்கே தெரிந்திருக்கிறது.
தலைமையாசிரியர் ஹமுசொண்டே
அரிவாளை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்;
முப்பத்து நான்கில் அவரும் ஒருவர்.

"முன்னால் மேகம் கம்பெனி பக்கம் நின்றது," என்றாள் அவள்,
"இந்தத் தடவை மரம் எங்கள் பக்கம் நிற்கட்டுமே."

பருவத் தொடக்கப் படிவம், ஏழாம் கேள்வி:
மானிக்கு மேலே மறைப்பு ஏதும் உண்டா?
ஆம். இல்லை.
கிளையின் கீழ் நின்றேன், பேனாவோடு.
தாளுக்கு ஒன்பது குவாச்சா என் பங்கு.
அது போக, முப்பத்து நான்கில் ஒன்று
என் மனைவியின் பெயரில் இருக்கிறது.

அப்போது தூறியது.
தரை புள்ளி புள்ளியாக நனைந்தது.
என் மேல் ஒரு சொட்டும் இல்லை.
தூறல் நின்று, வெயில் வந்து,
பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பிறகு
ஒவ்வோர் இலையாக
மானிக்குள் சொட்டத் தொடங்கியது.
எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
மரம் யார் பக்கம் என்று
கடைசிவரை பிடிபடவில்லை.

படிவத்தை அப்படியே அனுப்பினேன்.
பிப்ரவரியில் திரும்பி வந்தது:
"ஏழாம் கேள்வி விடுபட்டுள்ளது.
நிரப்பி அனுப்பவும்."